இருபத்திரண்டு தவறான விடைகள்

ரமா வேலையில் இருந்த காலத்தில், ஒரு சப்ளையர் அனுப்பிய நூறு பெட்டிகளில் ஒரு குறைகூட இல்லையென்றால் முதல் பெட்டியை மறுபடியும் திறப்பாள். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் சரக்குப் பரிசோதனை. ஓய்வு பெற்ற பிறகு பரிசோதிக்கக் கிடைத்தவை நாவல்கள்.

ஆத்திரையன் என்ற புனைபெயரில் யாரோ எழுதும் வரிசை அது. சோழர் காலம். அரண்மனையில் ஓலை எழுதும் இளநாகன் கொலைகளைத் துப்பறிவான். வருடத்துக்கு இரண்டு புத்தகங்கள். செகந்திராபாத் பத்மாராவ் நகரில் பாலச்சந்திரன் வீட்டில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நான்கு பேர் கூடி அவற்றைப் பற்றிப் பேசுவார்கள். புது நூல் வராத மாதங்களில் பழையதைப் பற்றிச் சண்டை.

பிரதி ஒன்றுதான். ஆளுக்கு ஒரு வாரம். பாதி வரை படித்ததும் கொலைகாரன் யாரென்று ஒரு சீட்டில் எழுதி, மடித்து, ஸ்டேபிள் அடித்துக்கொள்ள வேண்டும். படித்து முடித்ததும் நீள நோட்டில் கருத்து. கூட்டத்தன்று பாலச்சந்திரன் சீட்டுகளைப் பிரித்து வாசித்து அதே நோட்டில் ஒட்டுவார். பதினொரு வருடங்களாக இப்படி.

ரமாவின் கருத்துகள் நீளமானவை. "கொலைகாரன் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுகிறான். சோழ நாட்டில் மிளகாய் ஏது?" என்று ஒருமுறை எழுதினாள். அடுத்த நூலில் மிளகு வந்தது. இளநாகன் ஏன் சாப்பிடுவதே இல்லை என்று கேட்டாள். அடுத்ததில் புளிச்சோறு சாப்பிட்டான். தற்செயல் என்றார் பாலச்சந்திரன். ரமா தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.

"இந்தக் கதைகளில் பெண்கள் அழுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை" என்றும் எழுதினாள். இருபத்திரண்டாம் நூலில் கோயில் களஞ்சியத்தில் நெல் அளப்பவளாக ஒரு விதவை வந்தாள். எல்லாரையும் சந்தேகப்படுகிறவள். கணவன் இறந்துகிடக்கிறான், அவள் அழுவதற்கு முன் மருந்துப் பெட்டியைத் திறந்து மிச்சமிருக்கும் குளிகைகளை எண்ணுகிறாள். எத்தனை இருந்தன என்று ஆசிரியர் சொல்லவில்லை.

ரமா புத்தகத்தை மூடிவைத்தாள்.

நான்கு வருடங்களுக்கு முன் அவள் கணவர் வெங்கடராமன் இறந்த காலையில், டாக்டர் வருவதற்குள், அவள் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள். அதை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். பிரியம்வதாவிடம். பஸ்ஸில்.

பிரியம்வதா அதே நிறுவனத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். கூட்டத்துக்கு வரும் நால்வரில் ஒருத்தி. ரமாவுக்கு ஹப்சிகுடா, அவளுக்கு உப்பல். கூட்டம் முடிந்து ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். வேறு எங்கும் சொல்லாததை ரமா அந்த நாற்பது நிமிடங்களில் சொல்வாள். அவள் ஆத்திரையனைத் திட்டும்போதெல்லாம் பிரியம்வதா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போது வேறு மாதிரி நினைவுக்கு வந்தது.

அந்த நூலுக்கான கூட்டம் முடிந்ததும், பழைய கருத்து ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ரமா நோட்டை வாங்கி வந்தாள். ஒரு பிற்பகல் முழுக்கச் சீட்டுகளைச் சரிபார்த்தாள். அவளுடைய விடைகளில் பதினைந்து சரி. பாலச்சந்திரனுக்கு ஒன்பது. முதல் அத்தியாயத்தில் யாருக்கு மீசை இருக்கிறதோ அவன் பெயரை எழுதும் நான்காமவர் பத்ரிக்கே ஐந்து. பிரியம்வதாவுக்கு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு நூலிலும் ஐந்தாறு பேர்தான் சந்தேகத்துக்கு உரியவர்கள். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் நான்கு விடைகளாவது சரியாக வரும். இருபத்திரண்டு முறையும் தவறாக எழுதச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் காபி வந்ததும் ரமா சொன்னாள்.

"ஆத்திரையன் யாருன்னு எனக்குத் தெரியும்."

"நான் இல்லைங்க, எனக்கு லீவ் லெட்டரே எழுத வராது" என்றார் பத்ரி.

ரமா நோட்டைப் பிரித்து எண்ணிக்கையை வாசித்தாள். பிறகு பிரியம்வதாவைப் பார்த்தாள். "பதினொரு வருஷமா என்னைப் பேசவிட்டு வேடிக்கை பாத்திருக்கே."

பிரியம்வதா டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"நான் எழுதலைடி. கடைசி அத்தியாயத்தை முதல்ல படிச்சுடுவேன்."

பாலச்சந்திரன் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொன்னவன் யாருன்னு தெரியாம என்னால படிக்க முடியாது. ஒருத்தனை நல்லவன்னு நம்பிக்கிட்டே போய், கடைசில அவனா இருந்துட்டா? பயமா இருக்கும். சரியா எழுதினா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்களேன்னு மாத்தி எழுதினேன்."

பத்ரி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஹவ், சரிதான்! கொஸ்டின் பேப்பரை முன்னாடியே வாங்கி வச்சுக்கிட்டு இருபத்திரண்டு வாட்டி பெயில் ஆயிருக்காங்க!"

பாலச்சந்திரனும் சிரித்தார். "அப்பப்ப ஒண்ணு ரெண்டு சரியா எழுதியிருக்கலாமே, அம்மா."

"அது தோணலை சார்" என்றாள் பிரியம்வதா.

ரமா சிரிக்கவில்லை. தவறான சீட்டுகளுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. மாத்திரை எண்ணியது நூலுக்குள் எப்படி வந்தது என்பதற்குக் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. கண்டக்டரிடம் ஆதார் கார்டைக் காட்டி பெண்களுக்கு இலவசமான ஜீரோ டிக்கெட்டை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். பிரியம்வதா ஜன்னல் ஓரம். பஸ் தார்நாக்காவைத் தாண்டியது.

"என்னையே தனியா கேட்டிருக்கலாம்" என்றாள் பிரியம்வதா.

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"இப்ப கேக்கறேன். மாத்திரை எண்ணினது ஆத்திரையனுக்கு எப்படித் தெரியும்?"

பிரியம்வதா முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு புத்தகத்துக்கும் உன் கருத்தை டைப் பண்ணி பதிப்பகத்துக்கு அனுப்புவேன். உன் பேர் போட்டதில்லை. நோட்டுக்குள்ளேயே கிடக்குதேன்னு இருந்தது. அவர் திருத்திக்கிட்டார், பாத்தியா, மிளகாயை."

"மாத்திரை நோட்டுல இல்லை."

"பொம்பளைங்க அழறாங்கன்னு எழுதினியே. நெஜத்துல எப்படி இருப்பாங்கன்னு அவருக்கும் தெரியணும்னு நெனச்சேன். கூடவே அதையும் எழுதிட்டேன்." கம்பியைப் பார்த்தபடி, "தப்புதான்" என்றாள்.

"பதில் வந்ததா?"

"ஒரு வரி. எத்தனை இருந்ததுன்னு கேட்டிருந்தார். எனக்குத் தெரியாதுன்னு போட்டுட்டேன். நீ சொல்லலியே."

சிக்னலில் பஸ் நின்றது. பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர் யாரையோ "நக்கோ பாய், நக்கோ" என்று போனில் மறுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை இருந்தது, ரமா?"

ரமா அவள் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. உண்மையான கலக்கம் போலத்தான் இருந்தது. கேட்பது இவளா, இவள் வழியாக அவரா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

அட்டையில் இரண்டு மாத்திரைகள் அதிகம் இருந்தன. தினமும் போட்டுக்கொண்டேன் என்று சொன்ன மனிதர் இரண்டு நாட்கள் போட்டுக்கொள்ளவில்லை. எந்த இரண்டு நாட்கள் என்று அவள் நான்கு வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்தாள். என்றாவது பிரியம்வதாவிடம் இதைச் சொல்லி, அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கலாம் என்றிருந்தாள்.

"சரியாத்தான் இருந்தது" என்றாள்.

"அப்பாடா" என்று பிரியம்வதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஹப்சிகுடா வந்ததும் இறங்கினாள்.

அடுத்த மாதமும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். நாற்பது நிமிடங்களும் ரமா சோழர் காலத்தைப் பற்றி மட்டும் பேசினாள்.