சக்கரத்துக்குக் கம் போட்ட கதை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஒன்றரை வருடம் ஒரு காரைப் பராமரித்தேன். கார் என் மகளுடையது. மதுரையில் ஒரு மருத்துவமனையில், தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தபோது தன் சம்பளத்தில் வாங்கினாள். விருதுநகரிலிருந்து தினமும் அதில்தான் போய்வந்தாள். பிறகு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று சாவியை என் கையில் கொடுத்து, "ரெண்டு வருசம்தான்ப்பா. வந்ததும் எனக்கு வண்டி வேணும். பாத்துக்கிடுங்க" என்றாள்.

அந்தப் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வராதவள் காரை விட்டுவிட்டுப் போவாளா? விற்றுவிட்டல்லவா போவாள். ஆக, கார் வாசலில் நிற்கிறவரை மகள் வருவாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. முப்பது வருடமாக நான் சொல்லாமல் விடுவதையெல்லாம் அவள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

காருக்கு ஒரு கவர் வாங்கிப் போர்த்தினோம். அளவு பார்க்காமல் வாங்கியது. மேலே ஒழுங்காக மூடிவிட்டு, கீழே சக்கரங்களில் பாதியோடு நின்றுவிட்டது, வளர்ந்த பையனுக்குப் போட்ட பழைய டவுசர் போல. மற்றதெல்லாம் பத்திரமாக இருக்க, நான்கு சக்கரங்கள் மட்டும் தெருவுக்குக் காட்சியாகின. தெருப்புழுதி முழுவதும் அவற்றில்தான் வந்து ஒட்டியது. எங்கள் தெரு நாய்கள் அதுவரை எந்தக் கம்பத்தை நம்பியிருந்தன என்று தெரியவில்லை. கார் ஓடாமல் நிற்கத் தொடங்கிய பிறகு ஒரு நாய் விடாமல் எல்லாம் எங்கள் வாசலுக்கே வந்து காலைத் தூக்கின.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் சக்கரம் கழுவுவது என் வேலையானது. சாதாரணச் சக்கரம் என்றால் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடலாம். இது அலாய் வீல். பூ இதழ் மாதிரி பிரிந்து பிரிந்து இருக்கும். ஒவ்வொரு இடுக்கிலும் விரலை விட வேண்டும். எதைப் போட்டுக் கழுவுவது என்று கேட்டேன். கேட்டதுதான் தப்பு. ஆளாளுக்கு நாட்டாமை. பாத்திரம் தேய்க்கிற சோப்பு போதும் என்றார் ஒருவர். அதைப் போட்டால் பளபளப்பு போய்விடும், தலைக்குப் போடுகிற ஷாம்பு போடு என்றார் இன்னொருவர். எலுமிச்சம்பழம் என்றார்கள், பற்பசை என்றார்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அடித்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்று நான் வேலை பார்க்கிற அச்சு பிரஸ்ஸில் ஒருவர் சத்தியமே செய்தார். அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

கடைசியில் ஷாம்புதான் போட்டேன். முதல் ஞாயிறு நன்றாகத்தான் வந்தது. மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது குனிந்து பார்த்தால், சக்கரத்துக்குள்ளே தெரிகிற இரும்புத்தட்டு முழுவதும் செம்மண் நிறத்தில் துரு. ஒரே ராத்திரியில். அழுக்கு சரியாகப் போகவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வாரம் இன்னும் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். துரு இன்னும் நிறைய வந்தது. போதாதென்று சக்கரத்தின் வெள்ளி நிறத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வேறு.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்றாள் என் மனைவி. "நீங்க தொடாம இருந்தப்ப அது நல்லாத்தான் இருந்துச்சு."

பக்கத்து வீட்டுக்காரர் பட்டாசு லோடு ஏற்றிப் போகிற லாரி டிரைவர். மாதம் ஒருமுறை எங்கள் காரை எடுத்து ஒரு சுற்று ஓட்டி, பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அண்ணாச்சி, உள்ள இருக்கது பிரேக் தட்டு. தண்ணி பட்டா துரு வரும். நாலு தடவை பிரேக் அடிச்சா தன்னால போயிரும். வெள்ளப் புள்ளி ஒங்க போர் தண்ணில இருக்க உப்பு. கழுவுன கையோட துணிய வச்சுத் தொடச்சிருங்க."

இவ்வளவுதான் விஷயம். ஆனால் மாதம் ஒருமுறை ஓடுகிற வண்டி எத்தனை தடவை பிரேக் அடிக்கும்? கழுவினால் துரு, கழுவாவிட்டால் நாய். துடைத்தால் அப்போதைக்குப் போகிறது, விட்டுப்போன இடத்தில் புள்ளி காய்ந்துவிடுகிறது. எது சரி என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஐம்பத்தேழு வயதில் ஒரு சக்கரத்தின் முன்னால் குத்தவைத்து முழிப்பது எனக்கே எரிச்சலாக இருந்தது.

புள்ளிகளைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு சந்தேகம். நான் சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். பட்டாசுப் பெட்டி லேபிள், சீசன் வந்தால் காலண்டர். மெஷினில் மாட்டுகிற அச்சு பிளேட்டும் இந்தச் சக்கரமும் ஒரே உலோகம், அலுமினியம். வேலையை நிறுத்தி பிளேட்டைக் கழற்றி வைக்கும்போது அப்படியே வைத்தால் காற்றுப்பட்டுப் புள்ளி விழும். மறுநாள் ஓட்டினால் தாள் முழுவதும் மை தெளித்ததுபோல வரும். அதனால் கம் போட்டு வைப்போம். கம் என்றால் வேலம்பிசினில் செய்த திரவம்தான். ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிசாகத் தடவிக் காயவிட்டால் பிளேட் எத்தனை நாளானாலும் அப்படியே இருக்கும். வேண்டும்போது ஈர ஸ்பாஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் கம் போய்விடும். என் கைபட்ட பிளேட் கெட்டுப்போனது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

டிரைவர் உப்பு என்கிறார். எனக்கு அது பிளேட்டில் விழுகிற புள்ளியாகத் தெரிந்தது. பிரஸ்ஸிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் கம் கேட்டு வாங்கி வந்து, இருந்த புள்ளிகளைத் துடைத்து எடுத்துவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் போட்டேன்.

போட்ட அன்று பிரமாதமாக இருந்தது. என் மனைவிகூட வெளியே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அது அவளிடம் பெரிய பாராட்டு. ஆனால் பனி விழுகிற மாதம் அது. காலையில் கம் இளகிப் பிசுபிசுத்தது. தெருப்புழுதி அதில் வந்து உட்கார்ந்து, வெயிலில் காய்ந்து, திட்டுத்திட்டாகிவிட்டது. எதிர்வீட்டு ஆடு ஒருநாள் வந்து ஒரு சக்கரத்தை நக்கிப் பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டே போனது. மெல்லிசாகப் போட்டதால்தான் இப்படி என்று நான் அதன்மேல் இன்னொரு பூச்சு போட்டேன். பிறகு இன்னொன்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். என் விஷயத்தில் குரங்கு என்றுகூடச் சொல்ல முடியாத ஏதோ ஒன்றாக அது ஆகிக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மகள் போனில் கேட்டாள். "அப்பா, வண்டிய போட்டோ எடுத்து அனுப்புங்களேன். நாலு வீலையும் தனித்தனியா எடுங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டி ஞாபகம் வந்துவிட்டது, அப்படியென்றால் ஊர் ஞாபகமும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் சொன்ன இரண்டு வருடத்துக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது. திட்டுகள் தெரியாதபடி நிழலில் நின்று, கோணம் பார்த்து எடுத்து அனுப்பினேன். "நல்லாருக்குப்பா" என்று மட்டும் பதில் வந்தது. அப்புறம் பேசும்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அம்மாட்ட குடுங்க" என்றாள். போனை வாங்கிக்கொண்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் வந்து, வண்டியின் ஆர்.சி. புக் எங்கே என்று கேட்டாள். எதற்கு என்றேன். "இருக்கான்னு பாக்கத்தான்," என்றாள். இருக்கிற பொருளை இருக்கிறதா என்று எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, நான் லீவில் இருந்த நாளாகப் பார்த்து, இட்லியை வைத்துவிட்டுச் சொன்னாள். "இன்னைக்கு வண்டி பாக்க ஆள் வாராக."

"எந்த வண்டிய?"

"நம்ம வாசல்ல எத்தன வண்டி நிக்குது? பாப்பா விக்கச் சொல்லிட்டா. அங்கனயே இருக்கப் போறாளாம். ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு ரெண்டு பேரும் முழிச்சிக்கிட்டு இருந்தோம்."

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மகள்மேல் என்று வைத்துக்கொண்டால், அவள் வாங்கிய வண்டி, அவள் விற்கிறாள். மனைவிமேல் என்றால், சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன்? எழுந்து போய்க் கை கழுவினேன்.

பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர், அவர்தான் வாங்கப் போகிறவர். மற்றவர் அவருடைய மச்சினன், கார் விஷயம் தெரிந்தவராம். கவரை நான்தான் எடுத்தேன். ஆபீஸ்காரர் உள்ளே உட்கார்ந்து பார்த்தார், அவருக்கு வண்டி பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. மச்சினன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நான்கையும் சுற்றிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"வேணாம் மாமா. வீலப் பாருங்க, பூத்துப் போயிருக்கு. இது வெள்ளத்துல நின்ன வண்டி. மேல மட்டும் தொடச்சு வச்சிருக்காக."

ஆபீஸ்காரர் என்னைப் பார்த்தார். என் மனைவி நடையில் நின்று என்னைப் பார்த்தாள்.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவர்கள் போய்விடுவார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று ஊருக்குள் பேச்சு பரவினால் அடுத்து யாரும் வரமாட்டார்கள். கார் வாசலிலேயே நிற்கும். எனக்கு வேண்டியதும் அதுதானே? அந்த நேரத்தில் இவ்வளவும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றரை வருடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

ஆனால் வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு நான் முன்சக்கரத்தின் அருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். எப்போது போய் எடுத்தேன் என்று நினைவில்லை. "வெள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது கம்மு. நான் போட்டது," என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணியால் இழுத்தேன். மூன்று பூச்சும் புழுதியும் ஒன்றாகக் கரைந்து வழிந்தன. அடியில் சக்கரம் கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை. இரண்டாவதைத் துடைத்தேன். நான்கையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு எழுந்தேன். முட்டி வலித்தது. பெருமையாக இருந்தது. பெருமைப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

மச்சினன் மறுபடியும் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "புதுசு மாதிரில்ல இருக்கு," என்றார். ஆபீஸ்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். என் மனைவி காப்பி போட உள்ளே போனாள்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். அன்று அம்மாவிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

"நீங்கதான் வீலத் தொடச்சுக் காட்டுனீகளாமே. அம்மா சொன்னா."

"ஆமா."

"ஏன்ப்பா?"

"கெட்டுப்போச்சுன்னு சொன்னாக," என்றேன்.

பிறகு, "அப்பா, இங்கன எனக்குத் தூக்கம் வருதுப்பா," என்றாள்.

வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கமோ அச்சங்குளம் பக்கமோ பட்டாசு ஆலை வெடித்தது என்று செய்தி வந்தால், அடுத்த நிமிடம் அவள் போன் அடிக்கும். சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போவாள். இரண்டு நாள் கழித்து வந்து, குளித்துவிட்டு, கட்டிலில் கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பாள். அந்தப் பட்டாசுப் பெட்டிகளுக்கு நான் லேபிள் அடித்தேன். அவற்றை நிரப்பிய கைகளுக்கு அவள் கட்டுப்போட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் தூங்கவில்லை என்பதை வேலைக் களைப்பு என்றே நான் நினைத்திருந்தேன். அவள் வருவாளா என்று ஒன்றரை வருடம் கேட்டுக்கொண்டிருந்தவன், எதற்காகப் போனாள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"டிசம்பர்ல லீவுக்கு வாரேன்ப்பா. மூணு வாரம்."

"வா தாயி," என்றேன். "மதுரை ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்லி வைக்கிறேன்."