அம்சம் மறைத்த மூன்று வயது

அம்மாப்பேட்டைப் பக்கம் நடவு என்றால் முதலில் அம்சத்தைத்தான் தேடுவார்கள். பன்னிரண்டு பெண்களைத் திரட்டிக்கொண்டு போய், வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வயலைப் பச்சையாக்கிவிட்டு வரப்பேறுகிற கூட்டம் அவளுடையது. வயல்காரர் கூலி பேச வந்தால் லேசில் தலையாட்டிவிட மாட்டாள். எத்தனை மா நிலம்? சேறு கணுக்காலா, முழங்காலா? அடியில் முள் கிடக்கிறதா? நாற்று முடி சுமக்கத் தனி ஆள் உண்டா? எல்லாம் கேட்டுத் தீர்ந்த பிறகுதான் வெற்றிலையை மடிப்பாள். "இறங்கின பிறகு சொல்ற பேச்சு எனக்கு ஆகாது. உள்ளதை வரப்புலயே சொல்லிடுங்க" என்பாள். மறைத்தவர் வயலில் அடுத்த வருஷம் அவள் கூட்டம் இறங்காது.

இப்பேர்ப்பட்டவளின் முழங்கால் இரண்டும் மக்கர் செய்ய ஆரம்பித்தன. ஐம்பது வருஷம் சேற்றில் குனிந்து நின்ற கால் வேறென்ன செய்யும்? வரப்பில் ஏற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. தஞ்சாவூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூட்டு மாத்துறதுதாம்மா வழி. விட்டா நடக்கவே முடியாமப் போயிடும்" என்றார். அவர் சொன்ன செலவைக் கேட்ட புருஷன் வீரையன், யாரிடம் கடன் கேட்கலாம் என்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். குத்தகை நிலத்தில் சம்பா வைக்கிற மனிதர் வேறென்ன செய்வார், பாவம்.

அந்த நேரத்தில்தான் நடவுப் பெண்ணொருத்தி ஒரு சேதி கொண்டுவந்தாள். எழுபது வயது தாண்டியவர்களுக்கு, ஏழை பணக்காரர் என்று பார்க்காமல் மத்திய அரசு மருத்துவக் காப்பீடு கொடுக்கிறதாம். அம்சம் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஏனென்றால் அவளுக்கு எழுபத்தொன்று. அது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

சங்கதி இதுதான். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீரையனைவிட அவளுக்கு இரண்டு வயது கூடுதல். நல்ல இடம், விட மனசில்லை அப்பாவுக்கு. பெண் மூத்தவள் என்றால் எந்த வீட்டில் தட்டு மாற்றுவார்கள்? மூன்று வயதைச் சத்தமில்லாமல் கழித்து, மாப்பிள்ளைக்கு ஒரு வயது இளையவளாக்கிவிட்டார். அன்று கழித்தது கழித்ததுதான். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் வீரையனே பெருமையாக எழுதிக் கொடுத்தார், "என்னைவிட ஒண்ணு கம்மி" என்று. உள்ளதைச் சொல் என்று ஊரையே அதட்டுகிறவள், இந்த ஒன்றை மட்டும் ஐம்பது வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

இருந்தும் ஆசை யாரை விட்டது? வீரையனுக்குத் தெரியாமல் இ-சேவை மையத்துக்குப் போய், அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் குந்தவையிடம் ரகசியமாக ஆதாரை நீட்டினாள்.

"இதுல அறுபத்தெட்டுதான் ஆவுது பெரியம்மா. ஆதார் வயசைத்தான் பாப்பாங்க" என்றாள் குந்தவை.

"அது பொய் வயசும்மா."

"மெய் வயசுக்கு ஏதாவது சான்று இருக்கா? பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்?"

பள்ளிக்கூடத்து வாசலை மிதித்திருந்தால் அல்லவா சர்ட்டிபிகேட்! "இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்தா தானா எழுபது ஆயிடும் பெரியம்மா" என்று குந்தவை ஆறுதல் சொன்னாள். முழங்கால் பொறுக்க வேண்டுமே. செத்துப்போன அப்பாவை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள் அம்சம்.

வீட்டில் வீரையனின் அக்கா மகன் மதிவாணன் உட்கார்ந்திருந்தான். தனியார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மாமாதான் வரச்சொல்லியிருந்தார். மூத்த குடிமக்கள் பாலிசி என்று வழவழப்பான தாளை விரித்தான். அம்சம் வெற்றிலைப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, வயல்காரரைக் கேட்பதுபோல ஆரம்பித்தாள்.

"பணம் கட்டின மறுநாளே மூட்டு மாத்திக்கலாமா மாப்ளே?"

"அது வந்து அத்தை... ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. மூணு வருஷம் வரைக்கும்கூட ஆவலாம்."

"அதுக்கப்புறம் முழுசா குடுப்பாங்களா?"

"இந்த பாலிசியில நூறு ரூவா பில்லுன்னா இருபது நம்ம கைக்காசு."

"எனக்குச் சர்க்கரை வேற இருக்கே?"

மதிவாணன் குரலைத் தாழ்த்தினான். "சர்க்கரை, மூட்டுவலி எதுவும் இல்லைன்னு எழுதிடலாம்னு சில பேர் சொல்லுவாங்க..."

"எழுதினா?"

"பின்னால கண்டுபிடிச்சா ஒரு பைசா தர மாட்டாங்க. நான் எழுத மாட்டேன் அத்தை." உண்மையைச் சொன்னதும் அவனுக்கே மூச்சு லேசாயிற்று. தாளை மடித்துப் பையில் வைத்தான். "ஆமா, உங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையா? குடும்ப வருமானம் வருஷத்துக்கு லட்சத்து இருபதாயிரத்துக்குள்ள இருந்தா போதும். வயசுக் கணக்கு கிடையாது. பழைய நோய்க்குக் காத்திருக்கவும் வேணாம்."

"என்னது, வயசே கேக்க மாட்டாங்களா?" அம்சம் எழுந்தே விட்டாள். வலி ஞாபகம் வந்து திரும்ப உட்கார்ந்தாள். அட்டைக்காக ஊரில் முகாம் போட்ட அன்று அவள் கூட்டம் பக்கத்து ஊர் கொக்கேரியில் நட்டுக்கொண்டிருந்தது. நடவு நாளில் யாராவது முகாமுக்குப் போவார்களா? கண்ணெதிரே இருந்த வழியை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறாள். சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மறுநாள் காலை கிராம நிர்வாக அலுவலர் பூட்டைத் திறக்கும்போதே வாசலில் நின்றாள். வருமானச் சான்று கைக்கு வந்ததும், ரேஷன் கார்டையும் வீரையனையும் இழுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறினாள். அங்கே புதுச் சிக்கல். நாற்றுப் பறித்துப் பறித்து விரல் ரேகையெல்லாம் தேய்ந்திருந்தது. மெஷின் ஒவ்வொரு விரலாக மறுத்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அம்சம் அசரவில்லை. கையைக் கழுவினாள், துடைத்தாள், எண்ணெய் வைத்த தலையில் ஒரு தேய் தேய்த்து மறுபடியும் அழுத்தினாள். இடது கட்டைவிரலுக்கு மெஷின் ஒருவழியாகப் பச்சை காட்டியபோது, வரிசையில் நின்றவர்களே கைதட்டினார்கள்.

அட்டையைக் காட்டியதும் அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், மூட்டு மாற்றும் சிகிச்சை பட்டியலில் இருக்கிறது என்றார்கள். முன் அனுமதி வருவதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. போன் அடித்தால் ஓடுவாள், கம்பெனி விளம்பரமாக இருக்கும், திட்டிவிட்டு வைப்பாள். எட்டாம் நாள் அனுமதி வந்தது. முதலில் வலது கால் என்று தேதியும் குறித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் தெருவில் எல்லார் வீட்டுக்கும் கேசரி போயிற்று.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வித்யாலக்ஷ்மி வந்து கட்டில் ஓரம் நின்றார். இதயம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, "ஆதார்ல அறுபத்தெட்டுன்னு இருக்கு. சரியான வயசு அதுதானாம்மா? மருந்து அளவுக்கு எனக்கு நிஜ வயசு தெரியணும்" என்றார்.

அம்சம் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் பொய்க்காரி என்று அட்டையைப் பிடுங்கிவிட்டால்? சொல்லாவிட்டால் மருந்து தப்பாகி உயிரே போய்விட்டால்? எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிலின் மறுபக்கம் வீரையன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "எழுபத்தொண்ணும்மா."

ஆரஞ்சு உரித்த கை நின்றது.

"பயப்படாதீங்க, இந்தத் திட்டத்துக்கு வயசு தடையில்ல. நல்லவேளை சொன்னீங்க" என்று டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவருக்கென்ன, அவர் வேலை முடிந்தது. வீரையன் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். எழுபத்தொன்றிலிருந்து அறுபத்தொன்பது போக எவ்வளவு என்று கண்டுபிடிக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. பிறகு எழுந்து வெளியே போனவர், படுக்கப்போகும் நேரத்துக்குத்தான் திரும்பினார்; அப்போதும் அவள் பக்கம் பார்க்கவில்லை. மூட்டு கிடைத்து மனுஷன் போய்விடுவாரோ என்று அம்சம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் வாக்கரைக் கையில் கொடுத்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோணிக் கிடந்த கால் நேராக நின்றது! ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. "நடக்குறேன் பாருங்க, நடக்குறேன்!" என்று வார்டே அதிரக் கத்தினாள்.

எதிரே, ஆபரேஷனுக்கு முந்தின நாளிலிருந்து வாயைத் திறக்காத வீரையன் நின்றிருந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பயபக்தியோடு ஒதுங்கி வழி விட்டார்.

"பாத்து மெதுவா வாங்கக்கா" என்றார்.