நான் எழுதாமல் விட்ட வரி

பூங்கொடியின் வேலை போனதற்கு நான்தான் காரணம். கைதவறி நடந்ததல்ல. தெரிந்தே, யோசித்து, நிதானமாகச் செய்தேன். இது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. முதன்முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

தலைகுனிந்துகொண்டு சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பழக்கம் எனக்கில்லை! கள்ளக்குறிச்சி அரிசி ஆலையில் இருபது வருடம் நெல் அவித்தவள் என் அம்மா. அவள் பெற்ற மகள் இன்று வெளிநாட்டுக்காரர்களிடம் நேருக்கு நேர் பேசி, 'உங்கள் திட்டம் தவறு' என்று சொல்லுமளவுக்கு வந்திருக்கிறாள். இந்தப் பதினாறு வருடத்தில் மூன்று முறை ஆட்குறைப்பு வந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். என்னை அசைக்க முடியவில்லை.

எப்படி? படித்தேன்! ஒரு தொழில்நுட்பம் பழசாகும் வாடை வந்தவுடனே அடுத்ததைப் படித்தேன். குழம்பு கொதிக்கும்போது காதில் பாடம் ஓடும். ஊருக்கும் அலுவலகத்துக்கும் அலைந்த நாட்களில், பேருந்து உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு மாதிரித் தேர்வை முடித்திருப்பேன். என் திறமையின் மீது எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இன்றும் இல்லை.

அப்படிப்பட்டவள் ஏன் இதைச் செய்தாள்? அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்...

கடல் தாண்டிய ஒரு நாட்டின் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் கணினியைப் பார்த்துக்கொள்வது எங்கள் குழுவின் வேலை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, கடைகளுக்கு வேண்டிய சரக்குப் பட்டியல் தானாகவே கிடங்குக்குப் போக வேண்டும். அதில் ஒரு கோளாறு இருந்தது. போன மாதப் பட்டியல் அழியாமல் ஒரு மூலையில் தங்கிவிடும். அதைக் கையால் அழிக்காவிட்டால் பழையதும் புதியதும் சேர்ந்து போய், எல்லாக் கடைக்கும் சரக்கு இரட்டிப்பாகப் போய் இறங்கும். அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தவள் நான். சரிசெய்ய அரை நாள் போதும்.

சரிசெய்யவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மாதாமாதம் சத்தமில்லாமல் நானே அழித்துவந்தேன். 'வாணி இருந்தால் ஒன்றும் ஆகாது' என்று பெயர் வாங்கினேன். ஒரு பிடி என் கையில் இருக்கட்டுமே என்று நினைத்தேன். இந்தத் துறையில் நாற்பதை நெருங்கும் பெண் வேறு எதை நம்புவாள், சொல்லுங்கள்!

அப்போதுதான் மேலாளர் என்னை அழைத்தார். பொறுப்பு முழுவதையும் பூங்கொடியிடம் ஒப்படைத்துவிடச் சொன்னார். "உங்களுக்கு வேற புராஜெக்ட் பாக்கறோம்" என்றார். அதற்கு என்ன பொருள் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வேலை எதுவும் தராமல் 'பெஞ்சில்' உட்கார வைப்பார்கள். இரண்டு மாதத்தில் எதுவும் அமையாவிட்டால் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

பூங்கொடி கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்காரி. அவர்கள் ஊரிலிருந்து இந்த வேலைக்கு வந்த முதல் பெண். குழந்தைக்காக வேலையை விட்டு மூன்று வருடம் வீட்டில் இருந்தவள், மறுபடி உள்ளே நுழைய எத்தனையோ நேர்காணலுக்கு அலைந்து, ஆறு மாத ஒப்பந்தத்தில் எங்களிடம் வந்திருந்தாள். ஆறு மாதம் தேறினால் நிரந்தரம். அப்போது எங்கள் குழுவில் எல்லோரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தோம். மலையில் சிக்னல் நிற்காது; ஆகவே குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் முதல் நாளே என்னை 'அக்கா' ஆக்கிவிட்டாள்.

மற்றவர்கள் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். இவள் ஒரே ஊர் என்று என் வீட்டுக்கே வந்தாள். அம்மாவுக்குச் சாமை அரிசி கொண்டுவந்தாள். பத்து நாள், நோட்டு வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்! நாற்பது பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவ்வளவு தெளிவான குறிப்பை அந்த நிறுவனம் பார்த்திருக்காது. அதில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

கடைசி இரண்டு நாள், கற்றுக்கொண்டவர் எல்லாவற்றையும் தானே ஓட்டிக் காட்டி, திருப்பி விளக்க வேண்டும் என்பது விதி. அதைச் செய்திருந்தால் அந்தப் பழைய பட்டியல் அவள் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் அவளே தயங்கினாள்.

"வேணாங்க்கா. நீங்க சொல்லிக் குடுத்தத நான் இன்னான்னு சோதிச்சுப் பாக்கறது? உங்கள நம்பாத மாதிரி ஆயிடும்."

"சரி விடு" என்றேன். எல்லாம் புரிந்தது, முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்று அவள் மேலாளருக்கு மெயில் அனுப்பினாள். முன்பின் தெரியாத யாரோ என்றால் ஓட்டிப் பார்த்திருப்பாள். நம்ம ஊர் அக்கா என்பதால் விட்டாள்.

அடுத்த முதல் திங்கட்கிழமை, நான் எதிர்பார்த்தது நடந்தது. கடைகளிலிருந்து அலறல். பூங்கொடி போனில் அழுதாள். "க்கா, காத்தாலேந்து பாத்துக்கினே இருக்கறேன், இன்னா ஆச்சின்னே தெரியல. நான் எதுனா தப்பா பண்ணிட்டனா?" பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பார்க்க என்ன இருந்தது! மேலாளர் அழைக்கும்வரை காத்திருந்தேன். சாயங்காலம் அழைத்தார். இருபது பேர் கூட்டத்தில் என் திரையைப் பகிர்ந்து பத்தே நிமிடத்தில் காரணத்தைக் காட்டினேன்; மாதாமாதம் பழைய பட்டியலைக் கையால் அழித்தால் போதும் என்றேன். கிடங்குக்காரர்கள் கைதட்டினார்கள். சொல்லவே கூசுகிறது... என் வாழ்க்கையிலேயே மிகச் சிறப்பாகப் பேசிய கூட்டம் அதுதான்.

மேலாளர் பூங்கொடியிடம் கேட்டார். "முழுசா வாங்கிக்கிட்டேன்னு நீங்கதானே மெயில் போட்டீங்க? இத வாணி உங்களுக்குச் சொல்லலையா?"

அவள் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அக்கா சொல்லியிருப்பாங்க சார். நாந்தான் குறிச்சிக்காம வுட்டுட்டேன்."

என் ஒலிவாங்கி அணைந்திருந்தது. ஒரு பொத்தான்தான். அழுத்தினால் போதும். விரல் அதன் மேலேயே இருந்தது. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அவளுடைய ஒப்பந்தத்தை முடித்தார்கள். என்னை நிறுத்திக்கொண்டார்கள், அடுத்த ஆண்டு குழுத் தலைவியாக்கினார்கள். பதவி உறுதியானதும் அந்தக் கோளாறை அரை நாளில் சரிசெய்தேன். அதற்கு ஒரு பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள். அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். இன்று என் கீழே பதினெட்டுப் பேர். அவர்களில் ஒருவரையும் ஓட்டிக் காட்டாமல் பொறுப்பை வாங்க விடுவதில்லை. கண்டிப்பானவள் என்கிறார்கள்.

போன மாதம் வெள்ளிமலைக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள்! பூங்கொடி அங்கே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறாள். சாதிச் சான்றிதழ், பட்டா, உதவித்தொகை என்று ஊர்க்காரர்களுக்குக் கணினியில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். இப்போது அங்கே ஓரளவு சிக்னல் வருகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள்.

"இவங்கதாங்க எனக்கு வேல கத்துக் குடுத்தவங்க" என்று காத்திருந்தவர்களிடம் சொன்னாள். "எவ்ளோ பெரிய ரிப்பேரா இருந்தாலும் பத்து நிமிசந்தான் இவங்களுக்கு!" வரிசையில் நின்றவர்கள் எனக்கு வணக்கம் சொன்னார்கள். ஒருவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். ஒரு விண்ணப்பத்தை முடித்தாள். மேலிருந்து கீழே சரிபார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறையும். காத்திருந்த பெண்மணி பொறுமை இழந்து செருமினாள்.

"இன்னா பண்றதுங்க்கா, நான் கவனம் பத்தாதவ" என்று சிரித்தாள் பூங்கொடி. "அந்த கம்பெனில பட்டதுக்கப்புறம் எதையும் மூணு தபா பாக்காம அனுப்பறதில்ல. அப்பவும் பயமாத்தான் கீது."

இதோ, இதுதான் நேரம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் திரையை என் பக்கம் திருப்பிவிட்டாள். "நீங்க ஒரு தபா பாத்துச் சொல்லுங்க்கா. நீங்க சரின்னா தைரியமா அனுப்புவேன்."

பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. கடையில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். வெட்கத்தில் குறுகிப்போனேன் என்று எழுதத்தான் ஆசை... பொய் சொல்ல மாட்டேன். அவள் என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

"சரியா இருக்கு. அனுப்பு" என்றேன்.