பனிமலைக்குப் போகாத டிரைவர்

கீழ் கோத்தகிரியில் தேயிலை லாரி ஓட்டிய இசக்கிமுத்துவை, ஜெர்மனியில் நர்ஸாக இருந்த மகள் கீர்த்தனா கூப்பிட்டாள். "ஆஸ்திரியா தாண்டி சுவிஸ் பனிமலைக்குக் கார்லயே போறோம்ப்பா. சறுக்கி விளையாடற ஊரு. பாதி தூரம் நீங்கதான் ஓட்டோணும்." ஞாயிறுதோறும் போனில் இருவரும் வழி பேசினார்கள். சர்வதேச லைசென்ஸும் வாங்கிவிட்டார்.

அப்போதுதான் தேயிலை விலை படுத்தது; மற்ற டிரைவர்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். "இந்த நேரத்துல நீயும் போயிட்டா லாரிய யாரு எடுக்கறது?" என்றார் ஃபேக்டரி முதலாளி. இசக்கிமுத்துவுக்கு மறுக்க வாய் வரவில்லை, தங்கிவிட்டார். மார்கழியில் ஃபேக்டரியையே பூட்டிவிட்டார்கள்.

அந்த வாரம் கீர்த்தனா பனிமலையிலிருந்து பேசினாள். "ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் உங்களத்தான் நெனச்சேன்ப்பா."

"எறக்கத்துல பிரேக்கயே மிதிச்சிட்டிருக்காத, கியர்ல எறக்கு சாமி" என்று மட்டும் சொன்னார். 'நானும் வந்திருக்கோணும்' என்பது போனை வைத்த பிறகுதான் வாயில் வந்தது.