ஆல்ட்ரேஷன்காரரின் பச்சை ஜன்னல்

"அந்த அட்டையை மட்டும் இப்படிக் குடுத்துருங்க சார்" என்று டிரையல் ரூம் கதவிடுக்கில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார் ஆல்ட்ரேஷன்காரர். உள்ளே ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டிருந்தவர் திடுக்கிட்டு, புதுச் சட்டையை விறைப்பாக வைத்திருந்த பழுப்பு அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பர்ஸைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். அந்தக் கோலத்தில் எந்த மனிதனும் வாதாட மாட்டான்.

துணிக்கடையின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் அவருடைய தையல் மெஷின் இருக்கிறது. மனிதர்களின் கால்கள் பேன்ட் கம்பெனிக்காரர்கள் நினைப்பதைவிடக் குட்டை என்ற பேருண்மையால் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. வெட்டி விழும் பேன்ட் நுனிகளைக் கொண்டு, வேலை இல்லாத நேரத்தில், அவர் உலகத்தைப் படைக்கிறார். ஜீன்ஸ் கடலாகிறது. சாம்பல் நிறச் சீருடைத் துணி மழை மேகமாகிறது. சட்டை அட்டையைக் கார்டு அளவுக்கு வெட்டி, துணியை ஒட்டி, ஓரம் சுற்றி மெஷினில் ஒரு தையல் ஓட்டி, பின்பக்கம் ஸ்டாம்பு ஒட்டினால் தபால் அட்டை தயார். அதற்குக் காஜா மட்டும்தான் இன்னும் எடுக்கவில்லை.

நிலாவுக்குச் சட்டைப் பட்டன் தைத்த காலமும் உண்டு. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த அம்மா அதை விரலால் தட்டிப் பார்த்தார். "இது முத்திரை குத்துற மெஷின்ல மாட்டிக்கும் சார். கவர்ல போட்டுக் குடுங்க."

"கவர்ல போட்டா அது கார்டு இல்லம்மா, லெட்டர்" என்றார் இவர், கொள்கை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவராய். பிறகு வீட்டுக்கு வந்து பட்டனைப் பிரித்துவிட்டு, லைனிங் துணியில் நிலாவை வெட்டி ஒட்டினார்.

இத்தனை கார்டுகளும் போய்ச் சேருவது ஒரே ஆளுக்கு. வேறு ஊரில் இருக்கும் தம்பிக்கு. தம்பியிடம் போன் இல்லையா என்றால், பேஷாக இருக்கிறது. குடும்ப குரூப்பில் காலையில் பூங்கொத்துப் படம் போட்டால் உறவுக்கூட்டமே கை கூப்புகிறது, தம்பியும் கூப்புகிறார். ஆனால் அண்ணனும் தம்பியும் போனில் பேசினால் "சாப்பிட்டியா"வில் ஆரம்பித்து, மூச்சு வாங்குவதற்குள் "நீ அப்பவே அப்படித்தான்" என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

சண்டை எதைப் பற்றி என்பதை வாசகர்கள் நிதானமாகக் கேட்க வேண்டும். சின்ன வயதில் அவர்கள் வாடகைக்கு இருந்த மாடி அறையின் ஜன்னல் என்ன நிறம்? பச்சை என்கிறார் அண்ணன். நீலம் என்கிறார் தம்பி. இருவரும் ஒரே பாயில், அந்த ஜன்னலுக்குக் கீழேதான் படுத்திருந்தார்கள். மழை வந்தால் அதன் இரண்டு கதவுகளையும் ஆளுக்கு ஒன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். வீட்டை இடித்து ரொம்ப நாளாயிற்று. சாட்சி சொல்ல வேறு யாரும் மிச்சமில்லை. ஒருமுறை தம்பி "கண்ணு தெரியாதவனே" என்றதும் அண்ணன் "கண்ணாடி போட்டவன் நீடா" என்றதும், மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அப்போது சமாதானம் பேசியவர் ஆல்ட்ரேஷன்காரரின் மனைவி. "நீங்க கார்டு போடுங்க. அவரு கெடச்சதுக்கு அடையாளமா ஒரு ரிங் குடுத்துட்டுக் கட் பண்ணட்டும். நீங்க எடுக்கக் கூடாது. பேசவே கூடாது." இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. "கார்டுல என்ன வசதின்னா, நடுவுல பேச முடியாது பாருங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் ஆல்ட்ரேஷன்காரரே புகழ்கிறார். ஒவ்வொரு கார்டிலும் அந்த மாடி அறை எங்காவது வந்துவிடும். உடைந்த படி, தகரக் கூரை, எதிர்வீட்டுப் பூனை. ஜன்னல் மட்டும் எப்போதும் பச்சைத் துணி.

போன மாதம் தம்பிக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. தம்பி ஊசியைக் கண்டால் ஓடுகிற ஆள். அண்ணன் தையல் கற்றுக்கொண்ட நாளில் வீட்டை விட்டு வெளியே போய் நின்றவர். ஆல்ட்ரேஷன்காரர் ஜன்னலும் நிலாவுமாக ஒரு கார்டு செய்து, பின்னால் ஒரே வார்த்தை எழுதினார்: 'பயப்படாதே.' ஆபரேஷனுக்கு முன்னால் போய்ச் சேரட்டும் என்று அன்றே பெட்டியில் போட்டார்.

ரிங் வரவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. பேன்ட் மடிக்கும்போது போனைத் தொடைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார். ஒருவருக்கு இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது.

"நீங்களே கேட்டுட வேண்டியதுதானே?" என்றார் மனைவி.

"போன்ல 'பயப்படாதே'ன்னா, 'யாரு பயந்தா'ன்னு ஆரம்பிப்பான். ஆபரேஷன் நேரத்துல எதுக்கு?"

கோபமா, உடம்பு சரியில்லையா, அதுவும் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை துணி ஊறவைக்கப் போன மனைவி, வழக்கம்போல் குண்டூசி இருக்கிறதா என்று கார்டு போட்ட நாளிலிருந்து ஆணியிலேயே தொங்கிய அவருடைய கருநீலச் சட்டையின் உள்பையை வெளியே இழுத்து உதறினார். கார்டு அளவுக்கென்று அவரே தைத்துக்கொண்ட பை. அதில் வெள்ளை வெள்ளையாக ஏதோ எழுத்து, இடம் வலம் மாறி. கண்ணாடிக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க. உங்க தம்பி வீட்டு அட்ரஸ் உங்க பாக்கெட்லயே இருக்கு."

ஆல்ட்ரேஷன்காரர் உட்கார்ந்துவிட்டார். எதையும் முதலில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்க்கிற கை அவருடையது. விலாசத்தையும் சாக்பீஸில் நேராக எழுதிப் பார்த்து, அப்புறம்தான் அதன்மேல் பேனா ஓட்டுவார். கார்டு எழுதிய அன்றைக்கு நடுவில் ஒருவர், மறுநாள் இன்டர்வியூ என்று, தரையைப் பெருக்கும் பேன்ட்டோடு வந்து நின்றார். அவரை அனுப்பிவிட்டு இவர், பேனா ஓட்ட மறந்து, கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அனுப்புகிறவர் விலாசம் எழுதும் பழக்கமும் கிடையாது. "என்னைய அவனுக்குத் தெரியாதா?" என்பது அவர் கட்சி.

"கோவம் இல்ல. கார்டே போகல. அவ்ளோதான்" என்றார் மனைவி. "போனைப் போடுங்க."

மதியம் வரை தள்ளிப்போட்டு, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஒரே ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணினார். உடனே போன் அடித்தது. ஒரு ரிங்கோடு நிற்கவில்லை. எடுத்தார்.

"என்னண்ணா, கை தவறிப் பட்டுடுச்சா?"

"கார்டு வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? நீதான் கோவத்துல நிறுத்திட்டேன்னு நெனச்சேன்."

"அட்ரஸைச் சாக்பீஸ்ல எழுதிட்டேன்டா."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நீ அப்பவே..." என்று ஆரம்பித்த தம்பி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பயமா இருக்கா?"

"யாருக்குப் பயம்?" உடனே குரலைத் தாழ்த்தி, "கண்ணுலயே ஊசி போடுவாங்களாம்ணா."

"நல்லதுதானே. ஊசி வர்றது உனக்குத் தெரியாது."

தம்பி மறுபடி சிரித்தார். "ஒரு வாரத்துக்குப் போனைப் பாக்கக் கூடாதாம். கார்டு ஒண்ணு அனுப்பேன். துணிதானே, சும்மா தடவிட்டுக் கெடப்பேன். கலரும் தெரியாது, சண்டையும் வராது."

ஆல்ட்ரேஷன்காரர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு சட்டை அட்டையை இழுத்தார். பின்பக்கம் திருப்பி, பேனாவாலேயே விலாசத்தை எழுதினார், கோணலாக விழுந்தது. முன்பக்கம் ஜன்னலின் இடது கதவுக்குப் பச்சைத் துணியை ஒட்டினார். வலது கதவுக்கும் பச்சையை எடுத்த கை நின்றது. தம்பி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, காலடிக் குவியலில் இருந்து ஒரு ஜீன்ஸ் துண்டைப் பொறுக்கி, அந்தக் கதவுக்கு அளவு பார்த்து வெட்டினார்.