கோட்டைக்கு லைற் போட்ட அன்று

புது லைற் முதன்முதலாகச் சூடேறும்போது ஒரு மணம் வரும். தூசி கருகுகிற மணம்... யாழ்ப்பாணக் கோட்டை என்றால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம்.

சண்டை முடிந்து கொஞ்சக் காலம். எனக்கு இருபத்திரண்டு வயது, வயரிங் வேலை. இடிந்த மதிலுக்கு இரவில் லைற் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு கொன்ராக்டர் எங்களைக் கூட்டிப்போனார்.

யார் கேட்டது, யாருக்காக என்று ஒருவரும் சொல்லவில்லை. "பார்க்க வடிவாத்தானே இருக்கும்" என்றார்கள். கேளாமல் ஒன்று வந்தால் அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கிற ஆட்கள் நாங்கள். நானும் பார்த்தேன். ஆனால் கிடைத்த முதல் பெரிய வேலை... வாயைத் திறக்கவில்லை.

குருநகரில் இருந்து அப்பாவும் சித்தப்பாவும் அன்று பின்னேரமே கடலுக்குப் போயிருந்தார்கள். இருட்டியதும் மதிலில் நின்று பார்த்தால் அவர்களுடைய வள்ளத்து விளக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்டு அதிசயப்படட்டும் என்று ஒரு ஆசை.

ஏழு மணிக்கு சுவிச்சைப் போட்டேன்.

மதில் முழுக்க மஞ்சளானது. கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் பெருமையாகக் கடல் பக்கம் திரும்பினேன்.

வள்ளத்து விளக்கைக் காணவில்லை.

கரைக்கு ஓடிக் கத்திக் கூப்பிட்டேன். சத்தமே இல்லை. கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மாவிடம் எந்த முகத்தோடு போவது என்று அழுதுகொண்டு நின்றேன்.

அரை மணித்தியாலம் கழித்து இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். விளக்கும் இல்லை, வலையும் இல்லை.

சண்டைக் காலத்தில் கோட்டைப் பக்கம் ஆமி ஆள் தேடி வெளிச்சம் அடித்தால் கடலில் நிற்பவர்களுக்கு ஒரே பழக்கம்தான். விளக்கை அணைத்துவிட்டு வள்ளத்துக்குள் குப்புறப் படுப்பது. இவர்களும் இழுத்துக்கொண்டிருந்த வலையை விட்டுவிட்டு அப்படியே படுத்திருக்கிறார்கள்.

"ஆர் உந்த லைற்றைப் போட்டது?" அப்பா மதிலைக் காட்டிக் கேட்டார்.

"நான்தான் அப்பா."

அப்பா ஒரு அடி கிட்ட வந்தார்.

"இப்ப ஆரைத் தேடுறியள்?"

"வடிவுக்காம் அண்ணை" என்று சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. பழைய கட்டடம் எல்லாவற்றுக்கும் இரவில் லைற் போட வேண்டும் என்று எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். போடுங்கள், வடிவாகத்தான் இருக்கும். அன்று வெளிச்சத்தைக் கண்டு படுத்தோம், இன்று அதற்கு முன்னால் நின்று செல்பி எடுக்கிறோம்... நல்ல காலம்தான். எனக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

போன கிழமை ஒரு பழைய மதிலுக்கு லைற் போட்டுப் பார்க்கிறார்கள், கூட்டிப்போங்கோ என்று மகள் கேட்டாள். மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். வளைவில் திரும்பியதும் மதில் பளிச்சென்று தெரிந்தது.

"ஏனப்பா ஹெட்லைற்றை அணைச்சனீங்கள்?" என்று அவள் பின்னால் இருந்து கேட்டபிறகுதான், என் விரல் சுவிச்சில் இருப்பதைக் கண்டேன்.