பேச்சியம்மா எடுக்காத போன்

கரும்புச் சோகை எரியுற வாசனை...

பஸ் ஜன்னல் வழியா அது மூக்குல ஏறினா போதும், எனக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் சர்வே எடுத்த நாள் ஞாபகம் வந்துரும்.

எம்.ஏ. எகனாமிக்ஸ் முடிச்சிட்டு வீட்டுல சும்மா இருந்தேன். செல்போன் வந்ததால கிராமத்துக் குடும்பங்களோட வருமானத்துல, வாழ்க்கையில என்ன மாற்றம்னு அளக்குற வேலை கிடைச்சது. பன்னெண்டு பக்க ஃபார்ம், கழுத்துல ஐடி கார்டு. நாட்டோட வளர்ச்சியையே நான்தான் அளக்கப் போறேன்னு ஒரு தெனாவட்டு வேற.

அப்படித்தான் ஒரு சாயங்காலம் பேச்சியம்மா வீட்டுக்குப் போனேன். கரும்புக் காட்டு வேலைக்குப் போயிட்டு அப்பத்தான் வந்திருந்தாங்க. வீட்டுக்காரர் உசுரோட இல்ல. ஒரே மக செல்வியை திருமங்கலத்துல கட்டிக் கொடுத்திருந்தாங்க.

"நேத்து போன்ல எத்தனை தடவ பேசுனீங்கம்மா?"

"பேசலயே தாயி."

"போன வாரம்?"

"நான் பேசுறதே இல்ல தாயி."

பேரு மட்டும் பேச்சியம்மான்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். சைபர், சைபர்... "பயன் இல்லை"ங்கிற கட்டத்துல ஒரு டிக். வேலை சுளுவா முடிஞ்சது.

ரேஷன் கார்டு எடுக்க அவங்க உள்ள போன நேரம், ஜன்னல் கம்பியில பிளாஸ்டிக் கவர்ல தொங்கின போன் அடிச்சது. அந்த இடத்துலதான் டவர் கிடைக்குமாம். பாவம், எந்த பட்டனை அமுக்குறதுன்னு தெரியாமத்தான் பேசுறதில்ல போலன்னு நானே முடிவு பண்ணி, முந்திரிக்கொட்டை மாதிரி பாஞ்சுபோய் பச்சை பட்டனை அமுக்கிட்டேன்.

"ஹலோ..."

"ஐயோ... யாரு?" ஒரு பொண்ணு குரல். உடனே கட்.

பேச்சியம்மா ஓடி வந்தாங்க. முகம் வெளுத்துப் போச்சு.

"எதுக்குத் தாயி எடுத்தே? அத எடுக்கவே கூடாதே!"

அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. செல்வி அம்மாகிட்ட பேசக்கூடாதுன்னு அவ புருஷன் வீட்டுல கட்டளை. அவன் குடிச்சிட்டு வந்தா அடி வேற. அதனால தினமும் பொழுது சாய்ற நேரம் மாமியா போனைத் தெரியாம எடுத்து ரெண்டே ரிங் விடுவா, நம்பரை அழிச்சிருவா. நல்லா இருக்கேன்னு அர்த்தம். எடுக்கலேன்னா பேலன்ஸ் குறையாது, யாருக்கும் தெரியாது. நான் எடுத்ததுல குறைஞ்சு போச்சு. அந்த வீட்டுல பேலன்ஸைத் தினமும் பார்ப்பாங்களாம்.

ஒரு மனுஷி மகளோட உசுரையே அந்தப் போன்ல கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. நான் பயன் இல்லைன்னு டிக் போட்டிருக்கேன்.

கையெழுத்து ஒண்ணு விட்டுப் போச்சுன்னு சாக்குச் சொல்லிக்கிட்டு மூணாம் நாள் போனேன்.

"அன்னையிலிருந்து சத்தமே இல்ல தாயி. நான் போய் நின்னா, இவதான் வரச் சொன்னான்னு அவளைத்தான் போட்டு மிதிப்பான்."

செல்வி வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டேன். மறுநாள் திருமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். எங்க லிஸ்ட்ல இல்லாத வீடு, இல்லாத ஊரு. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். ஐடி கார்டை வெளிய தெரியுற மாதிரி இழுத்து விட்டுக்கிட்டு, "சர்வேம்மா"ன்னு போய் நின்னேன்.

மாமியா பக்கத்துலயே உக்காந்துச்சு. "அவளுக்கு என்ன தெரியும், என்னையக் கேளு."

"பொம்பளைங்களைத் தனியாக் கேக்கணும்னு ரூல்ஸ்மா. இல்லேன்னா ஆபீஸர் நேர்ல வருவாரு."

ஆபீஸர்னதும் முனங்கிக்கிட்டே வாசலுக்கு எந்திரிச்சுப் போச்சு. காது மட்டும் இங்கதான்.

"போன வாரம் எத்தனை கால் பேசுனீங்க?" சத்தமாக் கேட்டேன். அப்புறம் மெதுவா, "அம்மா அனுப்புனாங்க. எப்படி இருக்க?"

"ஒண்ணும் பேசலக்கா..." சத்தமா. வளையலுக்கு மேல கை கன்னிப் போயிருந்துச்சு. பேனாவையே பாத்துக்கிட்டு, உதடு அசையாம சொன்னா. "வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கக்கா."

மிச்சக் கேள்வி அம்புட்டையும் எப்படிக் கேட்டு முடிச்சேன்னு எனக்கே தெரியல. திரும்பி வர்றப்ப பஸ்ல அழுதேன். நேராப் போய்ப் பேச்சியம்மாகிட்டச் சொன்னேன். மறுநாள் காலையில பேச்சியம்மா தன் தம்பிமார் ரெண்டு பேரோட போய் மகளைக் கூட்டிட்டு வந்துட்டாங்க.

ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது ரவுண்டு. அதே வீடு, அதே கேள்வி. "இப்பவும் பேசுறதில்ல தாயி"ன்னாங்க. "யாருக்கு அடிக்க? அதான் இங்கனயே இருக்காளே!" உள்ள இருந்து செல்வி சிரிச்சா. அவளுக்குச் சிரிக்கத் தெரியும்னு எனக்கு அப்பத்தான் தெரியும்.

திரும்பவும் சைபர்னு எழுதினேன். கம்ப்யூட்டருக்கு ரெண்டு சைபரும் ஒண்ணுதான். "மாற்றம் எதுவும் இல்லை"ன்னு ரிப்போர்ட்ல வந்தது.

இப்ப நானே கேள்வித்தாள் தயாரிக்கிற இடத்துல இருக்கேன். திருமங்கலத்து ஃபார்மை ஆபீஸ்ல கொடுக்கவே இல்ல, கணக்குல வராத சர்வே அது. இத்தனை வருஷத்துல உருப்படியா எடுத்தது எதுன்னு கேட்டா, அதைத்தான் சொல்லுவேன்.

இப்ப வர்ற பிள்ளைங்க கையில டேப்லட். யாரும் டீக்கடையில உக்காந்து பொய்யா நிரப்ப முடியாது, நல்லதுதான். எந்த வாசல்ல நிக்கிறாங்கன்னு எனக்கு மேப்ல தெரியும். லிஸ்ட்ல இல்லாத வீடுன்னா, ஃபார்மே திறக்காது.

அப்படித் திறக்கக்கூடாதுன்னு போன மாசம் கையெழுத்துப் போட்டது நான்தான்.